ஐம்பத்தொன்பதுக்கு அடுத்த எண்

கடலுக்குப் போனால் ஏழு நாள் கழித்து வரவேண்டிய மீன்பிடி லாஞ்சு இரண்டாம் நாளே திரும்பினால், காசிமேட்டில் மூன்று காரணங்களைத்தான் நினைப்பார்கள். ஆளுக்கு அடிபட்டிருக்க வேண்டும், இன்ஜின் நின்றிருக்க வேண்டும், இல்லையென்றால் வலை போயிருக்க வேண்டும். அன்று கஜபதி அண்ணன் ஓட்டிய லாஞ்சு மழையில் வந்து நின்றபோது வலைதான் போயிருந்தது. பாதிக்கு மேல் காணோம்.

வலை கிழிவது புதிதல்ல. எங்கே கிழிந்தது என்பதுதான் பேச்சாகிவிட்டது. ஒன்றரை மணி நேர ஓட்டத்தில், கடலுக்கடியில் ஒரு பழைய இரும்புக் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. கஜபதி அண்ணன் பதினான்கு வருடமாக அதைச் சுற்றிக்கொண்டு போய் வந்தவர். அன்று நேராக அதன் மேலேயே வலையை இழுத்திருந்தார். லாஞ்சு ஓட்டுகிறவரை அங்கே டிரைவர் என்றுதான் சொல்வார்கள். தெரிந்த இடத்தில் வலையை மாட்டிக்கொண்ட டிரைவரை இன்னொரு லாஞ்சில் கூப்பிட மாட்டார்கள். அவருக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியிருந்தது. வேறு தொழில் தெரியாது.

அந்த லாஞ்சில் ஜி.பி.எஸ். கருவியை மாட்டி, அதில் இடங்களை ஏற்றிக் கொடுத்தவன் நான். இப்போது கைபேசியிலேயே வரைபடம் வந்துவிட்டது. அதனால் இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பழைய கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

1. வானத்தைத் தேடும் பெட்டி

நான் பத்தாவது வரை படித்தவன். ரேடியோ, டேப்ரெக்கார்டர் ரிப்பேர் கற்றுக்கொண்டு, பிறகு ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு கடையில் சேர்ந்தேன். லாஞ்சுகளுக்கு வேண்டிய வயர்லெஸ் செட், ஏரியல், பேட்டரி, கடலின் ஆழத்தைக் காட்டும் எக்கோ சவுண்டர் எல்லாவற்றையும் விற்று, மாட்டி, பழுது பார்த்துத் தரும் கடை அது.

தொண்ணூறுகளின் கடைசியில் முதல் ஜி.பி.எஸ். கடைக்கு வந்தபோது எனக்கு நாற்பது வயது. கைக்கு அடக்கமான சாம்பல் நிறப் பெட்டி. பொத்தானை அழுத்தினால் வானத்தைத் தேடுகிறேன் என்று இங்கிலீஷில் எழுதிக் காட்டும். பிறகு சின்னச் சின்னக் கம்பங்கள் ஒவ்வொன்றாக முளைக்கும். ஒரு கம்பம் ஒரு சாட்டிலைட். நாலு கம்பம் முளைத்ததும் நாம் நிற்கும் இடத்தை எண்ணாகச் சொல்லிவிடும்.

எனக்கு அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. முதலாளியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எடுத்துப் போனேன். விம்கோ நகரில் எங்கள் மாடியில் நின்று எண்ணைக் குறித்துக்கொண்டு, இறங்கி வந்து மனைவியிடம் நம் வீடு இருக்கும் இடம் இதுதான் என்று காட்டினேன். அவள் சீட்டைப் பார்த்துவிட்டு, "இத்தன வருசம் இது தெரியாமலா வூட்டுக்கு வந்துகினு இருந்தீங்க?" என்று கேட்டாள்.

சாயங்காலம் எண்ணூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைக் கையில் வைத்துப் பார்த்தேன். பஸ் போகும் வேகத்தைக்கூடச் சொன்னது. ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது வேகம் சைபருக்கு வந்தது. அதைப் பார்த்து நான் தனியாகச் சிரித்திருக்க வேண்டும். கண்டக்டர் குனிந்து பார்த்து, "இன்னா சார் அது, வெடிக்கிற அயிட்டம் ஒண்ணும் இல்லியே?" என்றார். பெட்டியைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

எனக்குக் கூச்சம் அதிகம். கருவிகளோடு பேசச் சொன்னால் நாள் முழுக்க இருப்பேன். ஆட்களோடு பேச வேண்டும் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கருவியோடு வரும் இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துப் படிப்பேன். பாதி புரியும். புரியாத பாதியை யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் இது கூடத் தெரியாதா என்று நினைப்பார்களே என்று பயம்.

2. மச்சான் என்ற இடம்

டிரைவர்கள் முதலில் அந்தப் பெட்டியை நம்பவில்லை. அவர்கள் கரையைப் பார்த்து இடம் பிடிப்பவர்கள். எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் எப்படித் தெரிகின்றன, கலங்கரை விளக்கம் எந்தக் கட்டடத்தோடு ஒட்டி நிற்கிறது என்று பார்த்தே கடலில் தாங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கும், மழை மூட்டத்துக்கும் பெட்டி உதவியது. ஒருவர் வாங்கினார், பத்துப் பேர் வாங்கினார்கள்.

நல்ல மீன் கிடைத்த இடத்தில் பொத்தானை அழுத்தினால் பெட்டி அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். அதைப் பாயிண்ட் என்பார்கள். பாயிண்ட்டை ஒரு டிரைவர் இன்னொருவருக்குக் காட்ட மாட்டார். கூடப் பிறந்த தம்பிக்கும் காட்ட மாட்டார். பெட்டி யார் கையிலாவது சிக்கினாலும் ஒன்றும் விளங்கக் கூடாது என்று பாயிண்ட்டுக்கு ஆள் பெயர்களை வைப்பார்கள். ஆறு எழுத்துக்குள் இங்கிலீஷில் பெயர் போட வேண்டும். அதைப் போட்டுக் கொடுப்பது என் வேலை. கஜபதி அண்ணன் நல்ல மீன் இடங்களுக்கெல்லாம் தன் பேத்திகள் பெயரை வைத்திருந்தார். மூழ்கிய கப்பலுக்கு மட்டும் மச்சான் என்று வைக்கச் சொன்னார்.

"கிட்ட போனா நம்மளுது எதுனா ஒண்ண புடுங்காம வுட மாட்டான். அவன் பேருதான் கரீக்டு," என்றார்.

பழைய பெட்டி கெட்டுப்போய்ப் புதியது மாட்டும்போது பாயிண்ட்களை மாற்ற வேண்டும். வயர் போட்டு மாற்றும் வசதி அப்போது எங்களிடம் இல்லை. பழைய பெட்டியைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். தாளைப் பார்த்துப் புதியதில் ஒவ்வொரு எண்ணாக ஏற்றுவேன். டிரைவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். வேலை முடிந்ததும் பழைய பெட்டியின் நினைவை அவர் கண் முன்னாலேயே அழித்துவிட்டு, தாளை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் அதைக் கிழித்துத் தண்ணீரில் போடுவார். கடையில் ஒரு நகல்கூட வைத்துக்கொள்ளக் கூடாது. இது எங்கும் எழுதி வைத்த விதி இல்லை. ஆனால் இதை மீறிய கடையில் அடுத்த நாள் ஒருவரும் படியேற மாட்டார்கள்.

3. வண்ணத் திரை

அடுத்த சில வருடங்களில் வண்ணத் திரை வைத்த பெரிய ஜி.பி.எஸ். வந்தது. திரையில் கடல் நீலமாகவும் கரை மஞ்சளாகவும் தெரியும். நம் லாஞ்சு ஒரு சின்ன முக்கோணமாக அதில் நகரும். கம்பெனிக்காரர்கள் ஒரு ஓட்டல் ஹாலில் கூட்டம் வைத்து, டை கட்டிய ஒருவர் இங்கிலீஷில் விளக்கினார். கடைசியில், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார். எனக்கு ஒன்று இருந்தது. பழைய பெட்டியில் டிகிரி, மினிட், செகண்ட் என்று மூன்று பகுதியாக எண் வரும்; கடிகாரத்தைப் போலவே அறுபது செகண்ட் ஒரு மினிட். புதியதில் மினிட்டுக்குப் பிறகு ஒரு புள்ளியும், புள்ளிக்குப் பின்னால் மூன்று எண்களும் இருந்தன. அந்தப் புள்ளி எதற்கு என்று கேட்க நினைத்தேன். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் ஆட்டினேன்.

செகண்டைத்தான் புள்ளி வைத்துக் காட்டுகிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். புள்ளிக்குப் பின்னால் மூன்று எண் கேட்டது. செகண்டில் இரண்டு எண்தான் உண்டு. அதனால் கடைசியில் ஒரு சைபர் சேர்த்துக்கொண்டேன்.

மீன்பிடித் தடைக்காலத்தில் லாஞ்சுகள் கடலுக்குப் போகாமல் நிற்கும்போதுதான் எங்களுக்கு வேலை அதிகம். அந்தத் தடைக்காலத்தில் மூன்று லாஞ்சுகளுக்குப் புதிய பெட்டியை மாட்டினேன். கஜபதி அண்ணனுடையது அதில் ஒன்று. பெட்டியைப் போட்டதும் திரையில் முக்கோணம் தண்ணீரில் நிற்கவில்லை. மஞ்சளில், மீன் மார்க்கெட்டுக்கு நடுவில் நின்றது.

"லாஞ்சு தானா ஏலத்துக்குப் பூட்ச்சுடா," என்று ஆட்கள் சிரித்தார்கள்.

வரைபடம் போட்டவர்கள் கரையைக் கொஞ்சம் தள்ளி வரைந்திருக்கிறார்கள், கடலுக்குள் போனால் அது பெரிதாகத் தெரியாது என்று சொன்னேன். அது உண்மைதான். கூட்டத்தில் அதைச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்த ஒன்று எனக்குத் தெரிந்திருந்ததாலேயே, பிறகு எல்லாத் தப்பையும் அதன் தலையிலேயே போட்டுவிட்டேன்.

4. சில சரி, சில தப்பு

லாஞ்சு கிழிந்த வலையோடு வந்த செய்தி கடைக்கு வந்ததும் முதலாளி என்னைத் துறைமுகத்துக்கு அனுப்பினார். மழை விட்டிருந்தது. லாஞ்சின் சொந்தக்காரர் செல்வராணியம்மா வலைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கணவர் இறந்த பிறகு ஏலம், ஐஸ், டீசல், ஆட்கள் என்று எல்லாவற்றையும் தனியாகப் பார்த்துக்கொள்பவர். கஜபதி அண்ணனை அண்ணாத்த என்றுதான் கூப்பிடுவார். அன்று பேசியதெல்லாம் அந்த அம்மாவின் தம்பி சேகர். சேகர் லாஞ்சு ஓட்டக் கற்றுக்கொண்டு, அந்த டிரைவர் இடத்துக்குக் காத்திருந்தவர்.

தடைக்காலம் முடிந்ததிலிருந்தே மீன் குறைவு, போகிற இடத்திலெல்லாம் வலை காலியாக வருகிறது, இப்போது வலையும் இல்லை என்று சேகர் அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில், "தண்ணி போட்டுகினு ஓட்டுனா இப்டித்தான் ஆவும். அல்லாருக்கும் தெரியும், எங்க அக்காவுக்குத்தான் தெரியல," என்றார்.

கஜபதி அண்ணன் கடலுக்குப் போகும்போது குடிக்க மாட்டார். அது எனக்குத் தெரியும். அவர் கயிற்றுக் குவியல் மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிட்டே போனதும், மழையில் புகைபோக்கி தெரியவில்லை, அதனால் பெட்டியை நம்பினேன், மச்சானுக்கு ரொம்ப தூரம் தள்ளித்தான் வலையை இழுத்தேன் என்று மெதுவாகச் சொன்னார். யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போல இருந்தது.

செல்வராணியம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னார். வெள்ளிக்கிழமை வலை தயாராகிவிடும், அதற்குள் யார் ஓட்டுவது என்று முடிவு செய்துவிடுவேன் என்றார். அன்று திங்கள்.

நான் பெட்டியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்தேன். இரண்டு நாள் அதோடு குழம்பினேன். ஏரியலை மாற்றிப் பார்த்தேன். பேட்டரி வயரை மாற்றினேன். கடை மாடியில் வைத்துப் பார்த்தேன். மாடியில் சரியாகத்தான் காட்டியது. துறைமுக வாசலுக்கு நான் ஏற்றியிருந்த பாயிண்ட் கிட்டத்தட்ட சரியாக இருந்தது. ஆனால் மச்சான் தப்பு. தப்பாகக் காட்டும் கருவி எல்லாவற்றையும் தப்பாகக் காட்ட வேண்டும். சிலதைச் சரியாகவும் சிலதைத் தப்பாகவும் காட்டுமா? வரைபடம் தப்பு என்றேன், பிறகு சாட்டிலைட் தப்பு என்றேன், கடைசியில் மழை மேல் பழி போட்டேன். ஒவ்வொன்றையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நானே நம்பாமல் இருந்தேன்.

எழுதிய தாள் தண்ணீரில் போய்விட்டது. பழைய பெட்டியை நானே அழித்திருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க உலகத்தில் எதுவும் மிச்சம் இல்லை.

முதலாளி தெளிவாக இருந்தார். "சாட்டிலைட்டுல கோளாறுன்னு சொல்லிடு. நம்மளுது தப்புன்னு வாய் தொறக்காத. மூணு லாஞ்சுக்குப் போட்டு வுட்டுக்கீறோம், ஞாபகம் வச்சிக்க," என்றார்.

புதன் மாலை கஜபதி அண்ணன் கடைக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். செல்வராணியம்மாவிடம் கேட்டு அரை நாளைக்கு லாஞ்சை வாங்கியிருப்பதாகவும், பெட்டியை மாட்டிக்கொண்டு நானும் வர வேண்டும் என்றும் சொன்னார்.

"அந்த எடத்துல நின்னு நீயே பாரு மெக்கானிக்கு. பொட்டி தப்பா, நான் தப்பா, எனக்குத் தெரிஞ்சாவணும்."

5. கடலில்

அத்தனை வருடம் லாஞ்சுகளுக்குக் கருவி மாட்டியவன், ஒரு நாளும் துறைமுகச் சுவரைத் தாண்டிப் போனதில்லை. இதை எழுத வெட்கமாக இருந்தாலும் உண்மை. கட்டிப் போட்ட லாஞ்சில் ஏறுவேன், வேலையை முடித்து இறங்கிவிடுவேன்.

வியாழன் காலை புறப்பட்டோம். வானம் வெளுத்திருந்தது. சுவரைத் தாண்டிய பத்தாவது நிமிடம் எனக்கு வாந்தி வந்துவிட்டது. கூட வந்த ஆள் ஒருவர் எலுமிச்சை ஊறுகாயைக் கையில் கொடுத்து, திரையைப் பார்க்காதே, தூரத்தில் பார் என்றார். எனக்குத் திரையைத் தவிர வேறு எங்கும் பார்க்கத் தெரியவில்லை.

கரையில் பெட்டி ஒரே இடத்தில் இருப்பதால் எண்கள் மாறாமல் நிற்கும். லாஞ்சு ஓடும்போதுதான் அவை ஓடும். கிழக்கே போகப் போகப் புள்ளிக்குப் பின்னால் இருந்த மூன்று எண்களும் ஏறிக்கொண்டே போயின. கடைசி எண்ணைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. முதல் இரண்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது.

அடுத்தது சைபர் வந்து, மினிட்டில் ஒன்று கூடியிருக்க வேண்டும். அறுபது வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அறுபத்தொன்று. அறுபத்திரண்டு. எழுபதைத் தாண்டியது, எண்பதைத் தாண்டியது. தொண்ணூற்றொன்பதுக்குப் பிறகுதான் சைபர் வந்து மினிட் கூடியது. அடுத்த மினிட்டிலும் அப்படியே. அதற்கு அடுத்ததிலும் அப்படியே. எனக்கு வாந்தி நின்றுவிட்டது.

அது செகண்டே இல்லை. பழைய பெட்டி ஒரு மினிட்டை அறுபதாகப் பிரித்தது. புதிய பெட்டி அதையே ஆயிரமாகப் பிரித்தது. நாம் ஒன்றரை மணி நேரத்தை 1.30 என்று எழுதுகிறோம். கணக்குப் போடும்போது அது 1.5. யாராவது 1.30 என்பதை அப்படியே கணக்கில் போட்டால் பன்னிரண்டு நிமிடம் காணாமல் போய்விடும். நான் செய்தது அதுதான். செகண்ட் சின்ன எண்ணாக இருந்த பாயிண்ட்களில் தப்பும் சின்னதாக இருந்தது. துறைமுக வாசல் அப்படிப்பட்டது. செகண்ட் ஐம்பதுக்கு மேல் இருந்த பாயிண்ட்கள் அரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருந்தன.

கஜபதி அண்ணன் வேகத்தைக் குறைத்தார். இரண்டு புகைபோக்கிகளும் ஒன்றன் பின் ஒன்றாக மறைந்து ஒன்றாகத் தெரியும்வரை லாஞ்சைத் திருப்பினார். பிறகு தெற்கே கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாக நகர்த்தினார். "கீயே பாரு," என்றார். எக்கோ சவுண்டர் திரையில், சமமாக ஓடிக்கொண்டிருந்த தரைக் கோடு சட்டென்று மேலே எழும்பி நின்றது. கப்பல். பெட்டியைப் பார்க்காமலே அவர் அதன் உச்சிக்கு மேலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

மச்சானின் உண்மையான எண்ணை நான் இங்கே எழுத மாட்டேன். நான் அதை ஏற்றும்போது செகண்ட் ஐம்பத்திரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் .520 என்று ஏற்றியிருந்தேன். ஐம்பத்திரண்டை அறுபதால் வகுத்து உள்ளங்கையில் எழுதினேன். .866 வந்தது. திரையில் 866, 867 என்று ஆடிக்கொண்டிருந்தது.

அங்கே ஒரு நிமிடம் என் மனதில் என்ன ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதையும் சொல்லாமல் பெட்டியில் எண்ணைத் திருத்திவிடலாம். ஒருவருக்கும் தெரியாது. சாட்டிலைட் இப்போது சரியாகிவிட்டது என்று சொன்னால் முதலாளிக்கும் சந்தோஷம். ஆனால் கஜபதி அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, தப்பு என்னுது," என்றேன். எப்படித் தப்பு என்று கையைக் காட்டி விளக்கினேன். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. அவர் வேறொன்றைத்தான் கேட்டார்.

"அப்போ அன்னிக்கி நான் ஒயுங்காதான் ஓட்டிகினு வந்தேன்?"

"ஆமாண்ணா. பெட்டி சொன்ன இடத்திலேருந்து ஒழுங்காத்தான் தள்ளிப் போயிருக்கீங்க. பெட்டி சொன்னதுதான் தப்பு."

அவர் திரும்பிப் புகைபோக்கிகளை ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு, "நாலு நாளா எனக்கே டவுட்டு மெக்கானிக்கு. கண்ணு பூட்ச்சா, மூள பூட்ச்சான்னு. வூட்ல சோறு எறங்கல," என்றார். லாஞ்சைக் கரைக்குத் திருப்பிய பிறகு, என்னைப் பார்க்காமலே கேட்டார். "இத்த அங்க வந்து சொல்லுவியா?"

சொல்கிறேன் என்றேன். கரை வரும்வரை அந்த வார்த்தையைச் சொன்னதற்காகப் பயந்துகொண்டே இருந்தேன்.

6. சேகரின் வாட்ச்

செல்வராணியம்மா வலை பின்னுகிறவர்களோடு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். முதலாளியும் வந்து நின்றிருந்தார். சேகர் என் சட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னா மெக்கானிக்கு, கடலுக்கு நல்லா சோறு போட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

வாயைத் திறந்து மூடினேன். முதலாளி எனக்குப் பதிலாக, சாட்டிலைட்டில் அவ்வப்போது இப்படி வருவதுண்டு என்று ஆரம்பித்தார். அப்போது சேகர் கையில் முள் இல்லாத, எண் ஓடும் வாட்ச் இருப்பதைப் பார்த்தேன். ஆட்களைப் பார்த்துப் பேச முடியாதவனுக்கு ஒரு கருவி கிடைத்தால் போதும். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சேகரு, இதுல அம்பத்தொம்போதுக்கு அப்புறம் இன்னா வரும்?"

"சைபர்தான் வரும். இது இன்னா கேள்வி?"

"புது பொட்டியில அறுபது வரும். தொண்ணூத்தொம்போது வரிக்கும் வரும். அது எனக்குத் தெரியாது. தெரியாம ஏத்திட்டேன். கப்பல் ஒரு எடத்துல கீது, பொட்டியில நான் வச்சது வேற எடம். அண்ணன் மேல தப்பு இல்ல. மீன் கொறஞ்சதுக்கும் இதான் காரணம். அவுரு பாயிண்ட்டு எல்லாத்தையும் நான் தள்ளி வச்சிட்டேன்."

வாழ்க்கையில் நான் கூட்டத்தில் பேசிய பெரிய பேச்சு அதுதான். முதலாளி முகத்தை நான் பார்க்கவில்லை. சேகர் கையை உருவிக்கொண்டு வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்வராணியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் கஜபதி அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அண்ணாத்த, வெள்ளிக்கெயம வெடிகாலைல ஐஸ் ஏத்திடு," என்றார். வலை பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

அன்று மதியம் முழுவதும் லாஞ்சிலேயே உட்கார்ந்து, கால்குலேட்டர் வைத்து ஒவ்வொரு பாயிண்ட்டையும் திருத்தினேன். தப்பு ஒரே மாதிரியான தப்பு என்பதால் சரியான எண் அதற்குள்ளேயே இருந்தது. தடைக்காலத்துக்குப் பிறகு அவரே பொத்தானை அழுத்திச் சேர்த்த பாயிண்ட்கள் சரியானவை. அவற்றைத் தொடக் கூடாது. நான் ஏற்றியவை எல்லாம் சைபரில் முடிந்தன. அதை வைத்துப் பிரித்தேன். அதற்கும் மேல் சந்தேகம் வந்தால் அவரைக் கேட்டேன். அவர் பேத்தி பெயரைச் சொல்லி, சரி, தப்பு என்று மட்டும் சொன்னார். அவருக்கு என் மேல் கோபம் இருந்திருக்கும். இருக்க வேண்டியதுதான்.

7. ஏழுமலை சொன்னது

முதலாளி என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. மற்ற இரண்டு லாஞ்சுகளையும் திருத்தியாக வேண்டும் என்று நான் சொன்னபோது, நீயே போய்ச் சொல்லிக்கொள் என்று மட்டும் சொன்னார். போனேன். முதல் லாஞ்சின் டிரைவர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, உட்கார்ந்து திருத்திக் கொடுக்கச் சொன்னார்.

இரண்டாவது லாஞ்சு ஏழுமலை என்பவருடையது. நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை பீடி பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகு பெட்டிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார்.

"தொடாத. தடைக்காலம் முடிஞ்சி இந்த அஞ்சு மாசமா எனக்கு நல்ல மீனு. நீ தப்பா வச்ச எடத்துலதான் கெடைக்கிது. கரீக்டு பண்ணிட்டு எனக்குப் பேஜாரு குடுக்காத."

கல், பாறை இருக்கும் பாயிண்ட்களை மட்டுமாவது திருத்துகிறேன் என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். மீன் பாயிண்ட்களைத் தப்பாகவே விட்டுவிட்டு வந்தேன். ஒரு மெக்கானிக் தெரிந்தே தப்பை விட்டுவிட்டு வந்து, அதற்கு நன்றியும் வாங்கிக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

கஜபதி அண்ணன் அந்த லாஞ்சை மேலும் ஆறு வருடம் ஓட்டினார். சேகர் வேறொரு லாஞ்சுக்கு டிரைவராகப் போனார். நன்றாகவே ஓட்டுகிறார் என்று கேள்வி.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் எந்தக் கருவி நல்லது, எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்கிறார்கள். எனக்கு அதில் பெரிய அபிப்பிராயம் இல்லை. ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு எண்ணை மாற்றுவதற்கு முன்னால், அது எந்த அளவில் எழுதிய எண் என்று கேளுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைச் சொல்லியிருந்தால் எனக்கு அரை நிமிட வெட்கத்தோடு போயிருக்கும். நான் சொல்லாமல் விட்டதால் ஒரு மனிதர் நாலு நாள் தன் கண்ணையே நம்பாமல் இருந்தார்.